புல்லட் பிக் எண்ட் புஷ்: சொந்தமாகக் கடைந்து போட்டு 18,000 கிலோமீட்டர்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய புல்லட் 350-ஐ, கரடுமுரடான பாதையிலும் ஓட்டும் ஸ்கிராம்பளராக மாற்ற எடுத்தேன். இன்ஜினைப் பிரித்தால், கனெக்டிங் ராடின் பெரிய முனை (பிக் எண்ட்) மாட்டியிருக்கும் உருளையான கிராங்க் பின் ஒரு பக்கமாகத் தேய்ந்து கிடந்தது. கிரைண்டிங் போட்டு வட்டத்துக்குக் கொண்டுவந்தோம். விட்டம் குறைந்துவிட்டதால், பின்னுக்கும் ராடுக்கும் நடுவே போடும் உலோக வளையமான புஷ், கடையில் கிடைத்தது எதுவும் பொருந்தவில்லை. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போய், பாஸ்பர் பிரான்ஸ் (ஒருவகை வெண்கலம்) கம்பியில் புதிதாகவே கடைந்தோம்.

இரும்பு பேரல் (சிலிண்டர்) கொண்ட பழைய புல்லட்டின் பிக் எண்டில் இருப்பது மிதக்கும் புஷ். அது பின்னையும் பிடிக்காது, கனெக்டிங் ராடையும் பிடிக்காது. நடுவில் தன்பாட்டுக்குச் சுற்றும். உள்ளே ஒரு ஆயில் படலம், வெளியே ஒரு ஆயில் படலம். அதனால் இடைவெளியும் இரண்டு பார்க்க வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். உள்ளே, வெளியே இரண்டுக்கும் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போதும் என்று நான்தான் சொன்னேன். அண்ணன் "வெளியே பத்தாது தம்பி" என்றார், கேட்கவில்லை. 200 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அவிநாசி ரோட்டில் இன்ஜின் இறுகி நின்றது. பிரித்துப் பார்த்தால் புஷ் ராடோடு ஒட்டியிருந்தது.

காரணம் சூடு. வெண்கலம் இரும்பைவிட அதிகமாக விரியும். 80 டிகிரி சூடேறினால் விட்டத்தில் ஒவ்வொரு 10 மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 5 மைக்ரான் கூடுதல். வெளியே இடைவெளி சுருங்கும், உள்ளே கொஞ்சம் கூடும். இரண்டாவது புஷ்ஷுக்கு வெளியே 55, உள்ளே 30 மைக்ரான் விட்டோம். அளந்ததெல்லாம் காலையில், பொருள் முழுக்க ஆறிய பிறகுதான். லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு மைக்ரோமீட்டர் வைத்தால் அளவு பொய் சொல்லும். ஆயில் துளைகளின் விளிம்பில் இருந்த பிசிறையும் கையாலேயே வழித்தோம். ஒரு சின்னப் பிசிறு போதும், பின்னில் கோடு விழுந்துவிடும்.

முதல் 1,000 கிலோமீட்டர் வரை வேகம் 50-க்கு மேல் போகவில்லை. 12,000-ல் பிஸ்டன் ரிங் மாற்றத் திறந்தபோது கிராங்கையும் பிரித்து அளந்தேன். உள் இடைவெளி 30-லிருந்து 38 ஆகியிருந்தது, வெளியே பெரிய மாற்றமில்லை. புஷ்ஷின் இரண்டு பக்கமும் சாம்பல் பூத்த மாதிரி ஒரே சீரான தேய்மானம். அப்படியே திரும்பப் போட்டேன்.

புஷ்ஷுக்குப் பதில் ரோலர் பேரிங் போட்டுவிடு என்று நிறையப் பேர் சொன்னார்கள். நெடுஞ்சாலையில் 90-ல் விரட்டுகிறவருக்கு அது சரி. எனக்கு மலைப்பாதையில் 60-தான், புஷ்ஷின் அந்த அமைதியை விட மனமில்லை. ஆனால் ஆயில் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். 20டபிள்யூ-50 ஆயிலை 2,000-க்கு ஒருமுறை மாற்றுகிறேன். இன்ஜினின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவரில் இருக்கும் கார்க் சீலையும் மறக்கக் கூடாது. அது நைந்தால் பம்ப் தள்ளும் ஆயில் கிராங்குக்குள் போகாமல் அங்கேயே கசிந்துவிடும், நாம் கடைந்த புஷ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் காய்ந்துபோகும். அப்புறம், ஏற்றத்தில் நாலாவது கியரில் திணறடிப்பதே இல்லை. 35-க்குக் கீழே வந்தால் மூன்றுக்கு இறக்கிவிடுவேன்.