1734 சுவீடன் சட்டம்: கிராமத்து விதவையும் நகரத்து விதவையும்

அந்தக் காலத்தில் கணவன் இறந்ததும் கடன்களைக் கழித்துவிட்டுத்தான் கணவன் மனைவி இருவரின் பொதுச் சொத்தைப் பிரிப்பார்கள். மீதி 900 தாலர் (அன்றைய சுவீடன் நாணயம்) என்று வையுங்கள். கிராமத்து விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 300. நகரத்தில் பாதி, 450.

உண்மையான அடி நிலத்தில்தான். கிராமத்தில் கணவனுக்குப் பரம்பரையாக வந்த வயல் பொதுச் சொத்தில் சேராது. பிள்ளை இல்லையென்றால் அது அவன் உறவினருக்கே போகும். முப்பது வருடம் அதே மண்ணில் உழைத்தவளுக்கும் இதே கதிதான், இது அநியாயம். மகளுக்கும் அங்கே மகன் பங்கில் பாதிதான். நகரத்தில் இருவருக்கும் சமம்.

பிரிப்பதற்கு முன்பே படுக்கை, மோதிரம், அன்றாட உடுப்பு போன்றவற்றை அவள் எடுத்துக்கொள்ளலாம். அசையும் சொத்தில் 20-இல் 1 பங்கைத் தாண்டக்கூடாது. இது இரு இடத்துக்கும் பொது.

மறுமணத்துக்கு ஓராண்டு பொறுக்க வேண்டும். மனைவியை இழந்தவனுக்கோ ஆறு மாதம்தான். விதவையாக அவள் தன் சொத்தைத் தானே ஆளலாம். மறுமணம் செய்தால் அந்த உரிமை புதுக் கணவன் கைக்குப் போய்விடும். பங்குகள் 1845-இல்தான் நாடு முழுக்கச் சமமாயின.