ஜியோகேச்சிங் செயலிகள்: சிக்னல் போன பிறகு எது கைகொடுக்கிறது?

ஜியோகேச்சிங் என்பது ஜிபிஎஸ் ஆயத்தொலைவை வைத்து, யாரோ மறைத்து வைத்த பெட்டியைத் தேடும் விளையாட்டு; அந்தப் பெட்டிதான் கேச். அதற்கு எந்த ஆப் நல்லது என்று கேட்கிறவர்கள் மேப் அழகாக இருக்கிறதா, ஐகான்கள் பளிச்சென்று இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் மாறி மாறி சில வருடங்களாகக் கேச் தேடி அலைபவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டு வைஃபையில் உட்கார்ந்துகொண்டு எந்தச் செயலியையும் எடை போடாதீர்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, அடுத்து தேடப்போகும் கேச்சைத் திறந்து பாருங்கள். விவரம் வருகிறதா, ஹின்ட் (மறைவிடத்துக்கான துப்பு) வருகிறதா, மேப் வருகிறதா, பெட்டி கிடைத்ததா இல்லையா என்று முன்பு போனவர்கள் எழுதிய லாக் தெரிகிறதா, நாம் ஒரு லாக் எழுதி வைத்துக்கொள்ள முடிகிறதா. இவ்வளவும் நடந்தால் அந்தச் செயலி தேறிவிட்டது, மற்றதெல்லாம் அவரவர் ரசனை.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. நிறுத்திய சூட்டோடு, மே 3ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சாமான்களைப் போட்டு மறைத்து வைத்து, இடத்தின் ஆயத்தொலைவை இணையத்தில் அறிவித்தார். அங்கே தொடங்கிய விளையாட்டுதான் இது. அப்போது தேடியவர்கள் கையில் ஜிபிஎஸ் கருவியும் ஒரு தாளும் மட்டும் இருந்தன. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: தேடுவதற்கு வேண்டிய தகவல் உண்மையில் மிகக் கொஞ்சம், அது முழுக்க முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளக்கூடியது. நல்ல செயலி என்பது அந்தத் தாளின் வேலையை ஒழுங்காகச் செய்வது.

முதலில் அதிகாரப்பூர்வ ஜியோகேச்சிங் செயலி. இரண்டு வகை போனுக்கும் உண்டு, தொடங்குபவருக்கு இதைவிடச் சுலபமானது இல்லை. கணக்கு திறந்து, மேப்பில் ஒரு கேச்சைத் தொட்டு, 'நேவிகேட்' அழுத்தினால் போதும். ஆனால் இலவசக் கணக்கில் மேப்பில் பாதி கேச்கள் சாம்பல் நிறத்தில் இருக்கும், தொட்டால் பிரீமியம், அதாவது கட்டண உறுப்பினர் கணக்கு, வாங்கச் சொல்லும். இதைப் பார்த்துவிட்டு 'காசு கட்டாமல் இதில் ஒன்றும் செய்ய முடியாது போல' என்று போனவர்கள் எத்தனையோ பேர். விஷயம் என்னவென்றால், அதே இலவசக் கணக்கோடு பிரவுசரில் ஜியோகேச்சிங்.காம் இணையதளத்துக்குப் போனால் அந்தச் சாம்பல் கேச்களில் பலவற்றை முழு விவரத்தோடு படிக்கலாம். பிரீமியம் உறுப்பினருக்கு மட்டும் என்று கேச்சை வைத்தவரே ஒதுக்கியவைதான் திறக்காது. அதாவது செயலியில் இருக்கும் கட்டுப்பாடு வேறு, தளத்தில் இருக்கும் கட்டுப்பாடு வேறு. ஆஃப்லைனுக்கு இறக்கி வைப்பதும் இந்தச் செயலியில் பிரீமியம் வசதிதான். எனவே காசு கட்டாதவருக்கு நான் மேலே சொன்ன ஏரோபிளேன் சோதனையில் இது நிற்காது. காசு கட்டியவருக்கு நிற்கும், நன்றாகவே நிற்கும்.

ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் சி:ஜியோவைத் தவிர்க்கவே முடியாது. இலவசம், திறந்த மூலம், தன்னார்வலர்கள் எழுதுவது. ஐபோனுக்குக் கிடையாது, அதனால் ஐபோன்காரர்கள் இந்தப் பத்தியையும் அடுத்த இரண்டையும் தாண்டிப் போகலாம். முதல் தடவை திறக்கும்போது கொஞ்சம் மிரட்டும். அமைப்புகள் பக்கத்தில் இறங்கினால் கரை தெரியாது. ஆனால் மேப்பில் தெரியும் கேச்களை ஒரே தடவையில் சேமித்து, பட்டியல் பட்டியலாகப் பிரித்து வைத்து, விவரம், ஹின்ட், படங்கள், பழைய லாக் எல்லாவற்றையும் போனிலேயே வைத்துக்கொள்ளலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் இருந்து தயாரித்த ஆஃப்லைன் மேப்களைச் செயலிக்குள்ளிருந்தே இறக்கலாம். பிரௌட்டர் என்ற துணைச் செயலியைப் போட்டுவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நடைபாதை வழியாக வழி காட்டும். இந்தக் கடைசி வசதியின் அருமை ஆற்றங்கரையில் தெரியும். கேச் 200 மீட்டர் தூரத்தில் என்று அம்புக்குறி காட்டும், நடுவே ஆறு ஓடும், பாலம் எந்தப் பக்கம் என்று அம்புக்குறிக்குத் தெரியாது.

சி:ஜியோ ஏபிஐ (மற்ற செயலிகளுக்குத் தகவல் கொடுக்கத் தளம் திறந்து வைத்திருக்கும் அதிகாரப்பூர்வ வாசல்) வழியாக வராமல் இணையதளத்தின் பக்கங்களைப் படித்துத் தகவல் எடுக்கிறது. இதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். ஏபிஐ வழியாக வரும் மற்ற செயலிகளில் இலவசக் கணக்குக்கு ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணும் அளவு கேச்களின் முழு விவரம்தான் கிடைக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தளத்தின் அமைப்பு மாறினால் புது பதிப்பு வரும்வரை ஏதாவது ஒரு வசதி முரண்டு பிடிக்கலாம். ஏற்கெனவே சேமித்து வைத்தது எப்படியும் இருக்கும் என்பதால் வெளியே கிளம்பும் நாளில் இது பெரிய கவலை இல்லை. முதல் நாள் ராத்திரியே இறக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குச் சி:ஜியோவை விட முடியாமல் செய்தது இதெல்லாம் கூட இல்லை, மல்டி கேச்சுகளுக்கு அது தரும் கணக்குப் பலகை. மல்டியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்: பலகையில் உள்ள ஆண்டின் இலக்கங்களைக் கூட்டினால் ஏ, படிகளின் எண்ணிக்கை பி, விளக்குக் கம்பத்தில் உள்ள கடைசி எண் சி என்று போகும், கடைசியில் இவற்றைச் சூத்திரத்தில் போட்டால்தான் பெட்டி இருக்கும் இடம் வரும். தாளில் எழுதினால் மழையில் நனையும், போன் நோட்ஸில் எழுதினால் கால்குலேட்டருக்கும் நோட்ஸுக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். சி:ஜியோவில் சூத்திரத்தை ஒரு வேபாயின்டில் (வழியில் குறித்து வைக்கும் இடம்) முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, ஏ, பி, சி மதிப்பு கிடைக்கக் கிடைக்கப் போட்டுக்கொண்டே போகலாம், ஆயத்தொலைவு தானாக நிரம்பும். ஒரு சின்ன உத்தி: புதிரை அவிழ்த்தால்தான் இடம் தெரியும் மர்ம கேச்களில் இறுதி இடம், மேப்பில் காட்டிய இடத்தில் இருந்து சுமார் 3.2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. விடையைப் போட்டதும் மேப்பில் புள்ளி 11 கிலோமீட்டர் தள்ளி வயல் நடுவே விழுந்தால், கால் வலிக்க நடக்கத் தேவையில்லை, ஏதோ ஒரு எண் தப்பு. பெரும்பாலும் படிகளின் எண்ணிக்கைதான் தப்பாக இருக்கும். கீழ்ப்படியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எந்தக் கேச் உரிமையாளரும் தெளிவாக எழுதியதாக எனக்கு நினைவில்லை.

ஐபோனில் கேச்லி. ஒருமுறை வாங்கும் செயலி, அதிகாரப்பூர்வ ஏபிஐ வழியாக வேலை செய்வது. பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆஃப்லைன் பட்டியலும் மேப்பும் உண்டு, புதிருக்கு விடை கண்டபின் திருத்திய ஆயத்தொலைவைப் போட்டு வைக்கலாம். ஆனால் செயலிக்குக் கொடுத்த காசு போக, பிரீமியம் உறுப்பினராக இல்லாவிட்டால் இதன் பாதிப் பயன் கைக்கு வராது; இரண்டு செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். ஐபோனில் பிரீமியம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஐபோனில் இலவசமாக மட்டும் ஓட்ட நினைப்பவருக்கு அதிகாரப்பூர்வச் செயலியும் பிரவுசரும்தான் வழி. கொஞ்சம் வறண்ட வழிதான், வேறு என்ன செய்ய.

லோகஸ் மேப் மலையேறுபவர்களுக்கான ஆண்ட்ராய்டு மேப் செயலி. கேச்களைக் கொண்டுவர ஒரு துணைச் செயலி தனியாக வேண்டும். நடைபயணம் முதன்மை, வழியில் இரண்டு கேச் கிடைத்தால் சரி என்பவருக்கு இது பொருந்தும். எனக்குக் கேச்தான் முதன்மை என்பதால் தங்கவில்லை.

இனி எல்லாச் செயலிக்கும் பொதுவான ஒரு சங்கதி, அம்புக்குறி. செயலி சரியில்லை என்று வரும் புலம்பல்களில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் கணிப்பு. திறந்த வானத்தின் கீழ் ஒரு ஸ்மார்ட்போன் பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இடத்தைச் சொல்லும் என்கிறது அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம். மரத்தடியில், பாறையை ஒட்டி, உயரமான சுவரோரம் போனால் அது இன்னும் மோசமாகும். கேச்சை வைத்தவரும் இதேபோன்ற ஒரு கருவியில்தான் அளந்திருப்பார், அவர் பிழையும் நம் பிழையும் சேர்ந்துகொள்ளும். ஆயத்தொலைவை நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் வரை எழுதுகிறோம். அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே வடக்கு தெற்காகச் சுமார் 1.85 மீட்டர். அப்படியிருக்கும்போது திரையில் '0 மீட்டர்' என்று வரும்வரை முன்னும் பின்னும் நடப்பதில் அர்த்தமே இல்லை. அப்புறம், நடந்துகொண்டிருக்கும்போது நாம் நகரும் திசையை ஜிபிஎஸ்ஸை வைத்தே கணக்கிட முடியும், நின்றுவிட்டால் போனில் உள்ள காந்த உணரியைத்தான் நம்ப வேண்டும். மூடியில் காந்தம் வைத்த போன் உறை போட்டிருந்தால் அம்பு சாமி வந்தது போலச் சுற்றும். உறையைக் கழற்றுங்கள், போனைக் காற்றில் எட்டு போட்டு ஆட்டுங்கள், பத்துப் பதினைந்து மீட்டர் தூரம் இருக்கும்போதே போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். தேவையில்லாமல் அடுக்கி வைத்த கற்கள், மரப்பொந்தை மூடியிருக்கும் பட்டை, வேலிக் கம்பியில் ஒட்டியிருக்கும் துருப்பிடிக்காத ஒரு போல்ட். இதை எந்தச் செயலியும் காட்டாது.

ஹின்ட் பற்றி ஒரு வரி. தளத்தில் ஹின்ட் ராட்13 முறையில் எழுத்துகளை 13 இடம் தள்ளிப் போட்டு மறைத்திருக்கும், செயலி ஒரு தொடுதலில் அவிழ்த்துவிடும். நான் செயலியில் ஹின்ட்டைவிடக் கடைசி நான்கைந்து லாக்குகளைத்தான் முதலில் பார்ப்பேன். வரிசையாக 'கிடைக்கவில்லை' என்று இருந்தால் பெட்டியே போயிருக்கலாம். அதனால் லாக்குகளை ஆஃப்லைனில் காட்டாத செயலி எனக்கு ஆகாது.

லாக் எழுதுவதற்கும் இதே கதைதான். பெட்டிக்குள் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு, செயலியில் எழுதுவது அதன் பிறகு. நாள் முழுக்கச் சிக்னல் இல்லாத பாதையில் பத்துப் பெட்டி எடுத்தால், எதை முதலில் எடுத்தோம், எதில் தாள் நனைந்திருந்தது என்பது சாயங்காலத்துக்குள் குழம்பிவிடும். அங்கேயே நேரத்தோடு ஒரு வரைவு போட்டு வைத்து வீட்டுக்கு வந்து விரித்து எழுதுவதுதான் என் பழக்கம். ஒருமுறை ஒரு கட்டணச் செயலி, பெயர் வேண்டாம், இணைப்பு வந்ததும் அனுப்புகிறேன் என்று சொல்லி ஒரு நாள் வரைவுகள் முழுவதையும் விழுங்கிவிட்டது. உதவிக்கு எழுதினேன், செயலியை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். அன்றிலிருந்து எந்தப் புதுச் செயலியையும் முதலில் ஒரே ஒரு பெட்டியில் வரைவு போட்டு, அது தளத்தில் உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.

முக்கியச் செயலிக்குத் துணையாகச் சில. ஜிசி விசார்ட், இலவசம், இரண்டு வகை போனுக்கும் உண்டு: சீசர், மோர்ஸ், ரோமன் எண் தொடங்கி நான் பெயரே கேள்விப்படாத சங்கேதங்கள் வரை அவிழ்க்கும், இணையம் இல்லாமலே. புதிர் பிடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொள்ளலாம். அட்வென்ச்சர் லேப் என்பது பெட்டி இல்லாமல் இடம் இடமாகப் போய்க் கேள்விக்குப் பதில் சொல்லும் வகை. அதற்குத் தனிச் செயலி, அந்தந்த இடத்துக்குப் போனால்தான் கேள்வி திறக்கும், இணைய இணைப்பும் வேண்டும். அதனால் நான் அவற்றை ஊருக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஜிபிஎஸ்ஸை வைத்து நடந்தே ஆடும் கதை விளையாட்டான வேரிகோ வகைக்கும் தனி பிளேயர், ஆண்ட்ராய்டில் வேர்யூகோ. அதன் கோப்பை முன்கூட்டியே இறக்க வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் செயலிகளுக்குள் நான் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை, தின்பது பெரும்பாலும் திரைதான். எல்லாம் இறக்கி வைத்தாயிற்று என்றால் ஏரோபிளேன் மோடில் நடக்கலாம், இப்போதைய போன்களில் ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும். சிக்னலுக்காக டவரைத் தேடித் தேடிப் போன் சூடாவது நிற்கும். ஒன்று மட்டும், இணைய உதவி இல்லாமல் முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். ஒரு செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்கவே 30 விநாடி எடுக்கும், எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம். அதனால் கிளம்பும் இடத்தில் சிக்னல் இருக்கும்போதே ஒரு தடவை இடத்தைப் பிடிக்கவிட்டு, பிறகு ஏரோபிளேன் மோடுக்குப் போவது நல்லது. ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு மோடைப் போடாதீர்கள். சில போன்கள் திரை அணைந்ததும் ஜிபிஎஸ்ஸையும் அணைத்துவிடும், நடந்த வழியின் கோடு பாதியில் அறுந்து கிடக்கும்.

இப்போது என் ஆண்ட்ராய்டில் சி:ஜியோ, பிரௌட்டர், ஜிசி விசார்ட். அதிகாரப்பூர்வச் செயலியும் இருக்கிறது, கேச் உரிமையாளர்களுக்குச் செய்தி அனுப்ப மட்டும். பிரீமியம் ஒரு வருடம் கட்டுவேன், ஒரு வருடம் விடுவேன். கட்டிய வருடங்களில் 1000 கேச் வரை ஒரே கோப்பாக இறக்கித் தரும் பாக்கெட் குவெரிக்காகத்தான் கட்டினேன். வாரம் ஒரு கேச் தேடுபவருக்கு அது தேவையே இல்லை. நீண்ட பயணம் கிளம்புபவர் கிளம்பும் மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும்.