விக்கிறவங்களுக்கு எழுதின புக், வாங்குற நாமளும் படிக்கணும்: என்ஐஎஸ்எம் மியூச்சுவல் ஃபண்ட் ஒர்க்புக்

மியூச்சுவல் ஃபண்ட் (பல பேர் பணத்த ஒண்ணா சேத்து பங்கு, பத்திரம்னு போடுறது) விக்கணும்னா, என்ஐஎஸ்எம்ங்கிற பங்குச்சந்தைப் பயிற்சி நிறுவனம் நடத்துற சீரிஸ் 5-ஏ பரீட்சை பாஸ் பண்ணிட்டு, ஃபண்ட் கம்பெனிகளோட சங்கமான ஆம்ஃபி கிட்ட ஏஆர்என்ங்கிற பதிவு நம்பர் வாங்கணும். அந்தப் பரீட்சைக்கான ஒர்க்புக் அவங்க சைட்லயே ஃப்ரீ பிடிஎஃப்பா இருக்கு. நான் ஏஜென்ட் இல்ல, ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். அப்பா ரிடையர் ஆனப்ப ஒரு பேங்க்ல "டெபாசிட் மாதிரிதான் சார்"னு சொல்லி 3 லட்சத்த யூலிப்ல (இன்சூரன்ஸும் முதலீடும் கலந்த பாலிசி) போட வச்சுட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டு மராமத்துக்கு பணம் எடுக்கப் போனா அஞ்சு வருஷம் லாக்-இன், இப்ப முடியாதுன்னுட்டாங்க. அப்பா அந்த கவுண்டர்ல பாஸ்புக்க மடிச்சு மடிச்சு வச்சுக்கிட்டு நின்னது எனக்கு மறக்கவே இல்ல. விக்கிறவங்க என்ன படிச்சுட்டு வர்றாங்களோ அத நாமளும் படிச்சுடுவோம்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன்.

மொத்தம் 12 சாப்டர். முதல் சாப்டர்லயே தங்கம், நிலம், டெபாசிட், பங்குன்னு எல்லாத்தையும் விலைவாசியோட சேத்து வச்சுப் பாக்க சொல்லித் தர்றாங்க. நான் நோட்டுல போட்டுப் பாத்தேன்: டெபாசிட்டுக்கு 7% வட்டி, 20% ஸ்லாப்ல டாக்ஸ் போனா கையில 5.6%, அந்த வருஷம் விலைவாசி 6% ஏறியிருந்தா பணம் கூடின மாதிரி தெரியும், ஆனா வாங்குற சாமான் குறைஞ்சிருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஏழாவது சாப்டர், என்ஏவி, அதாவது ஃபண்டோட ஒரு யூனிட் விலைய எப்படி போடுறாங்க, டிஇஆர், அதாவது ஃபண்டோட மொத்தச் செலவு விகிதம்னா என்னன்னு. ஃபண்ட் கம்பெனி எடுக்கிற செலவு நமக்கு பில்லா வராது, தினமும் கொஞ்சம் கொஞ்சமா என்ஏவிலயே கழிஞ்சிடும், அதனாலதான் யாரும் கவனிக்கிறதில்ல. 1 லட்சம் போட்டு 20 வருஷம் விட்டா, 12% வளர்ச்சியில சுமார் 9.65 லட்சம், அதுல 1% செலவுக்குப் போய் 11%னா 8.06 லட்சம். ஒரே ஒரு பர்சன்ட்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல போகுது! 2013 ஜனவரிலேர்ந்து டைரக்ட் பிளான் இருக்கு, இடையில கமிஷன் கிடையாதுங்கிறதால அதுல செலவு கம்மி. ஆனா நல்ல ஆலோசனை சொல்ற ஆள் இருந்தா கமிஷன் உள்ள ரெகுலர் பிளான்ல போறதும் தப்பில்ல, எவ்வளவு கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும், அவ்வளவுதான்.

ரிஸ்க் பத்தின பத்தாவது சாப்டர் எனக்கு ஒரு பழைய சந்தேகத்த தீத்து வச்சுது. 2022ல கில்ட் ஃபண்ட்ல கொஞ்சம் வச்சிருந்தேன், மே மாசம் பாத்தா என்ஏவி இறங்கியிருந்துச்சு, கவர்ன்மென்ட் பத்திரம்தானே எப்படி குறையும்னு ஒரே பயம். புதுப் பத்திரம் அதிக வட்டியோட வந்தா பழைய பத்திரத்த யாரும் பழைய விலைக்கு வாங்க மாட்டாங்க, வட்டி ஏறினா விலை இறங்கும், இவ்வளவுதான் விஷயம்.

ஆனா அந்த வட்டிய ஏன் ஏத்தினாங்கன்னு புரிஞ்சுக்க இந்த புக் பத்தாது, எகனாமிக்ஸ் ரொம்ப மேலோட்டம். 2022 ஏப்ரல்ல சில்லறை விலைவாசி 7.79%, ஆர்பிஐக்கு குறி 4%, மிஞ்சிப் போனா 6%, அதனாலதான் மே மாசம் 4%ல இருந்த ரெப்போவ (பேங்குகளுக்கு ஆர்பிஐ கடன் கொடுக்கிற வட்டி) ஏத்த ஆரம்பிச்சு 2023 பிப்ரவரிக்குள்ள 6.5% ஆக்கினாங்க. இதெல்லாம் நான் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற ஆர்பிஐ பாலிசி அறிக்கைய படிச்சுதான் கத்துக்கிட்டேன், ஒரு அஞ்சாறு பக்கம் இதுக்கு ஒதுக்கியிருந்தா புக் எங்கயோ போயிருக்கும்.

நாலாவது, ஆறாவது சாப்டர் விதிமுறையும் கமிஷன் நடைமுறையும், பரீட்சை எழுதாதவங்க புரட்டிட்டுப் போயிடலாம். டாக்ஸ் சாப்டர்ல மட்டும் ஜாக்கிரதை, வாட்ஸ்அப் குரூப்ல சுத்துற பழைய எடிஷன்ல பங்கு ஃபண்டுக்கு நீண்டகால லாப வரி 10%, 1 லட்சம் வரைக்கும் விலக்குன்னு இருக்கும், 2024 ஜூலை 23லேர்ந்து அது 12.5%, விலக்கு 1.25 லட்சம். அதனால சைட்லேர்ந்து புதுசா இறக்குங்க.

பரீட்சை 100 கேள்வி, 2 மணி நேரம், 50 எடுத்தா பாஸ், நெகட்டிவ் மார்க் கிடையாது. நான் கட்டினப்ப ஃபீஸ் 1500, டாக்ஸ் தனி. வாங்குறவங்களுக்கு பரீட்சை தேவையே இல்ல, 1, 7, 10 மூணு சாப்டரையும் பேனா பேப்பரோட உக்காந்து படிச்சா போதும், எனக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு.