எச்சரிக்கை: முக அழகு அறுவை சிகிச்சையில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் யார் என்று பாருங்கள்

முகத்தில் அழகு அறுவை சிகிச்சை செய்துகொள்ள நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: யார் செய்வார், எவ்வளவு வலிக்கும், தழும்பு தெரியுமா, எப்போது வேலைக்குத் திரும்பலாம், விளைவு பிடிக்காவிட்டால் என்ன வழி. மூக்குத்தண்டில் இருந்த மேட்டைக் குறைப்பதற்காக நான் சென்ற மருத்துவமனையில் இவை அனைத்தையும் கேட்டேன். அனைத்துக்கும் தயக்கமின்றிப் பதிலும் வந்தது. பதில் சொன்னவர் வெள்ளைக் கோட்டு அணிந்த 'ஆலோசகர்'. அவர் மருத்துவரல்லர், நோயாளிகளைச் சேர்ப்பதற்காக அமர்த்தப்பட்டவர் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவர் என் புகைப்படத்தைக் கணினியில் திருத்திப் புதிய மூக்கைக் காட்டினார். அத்தகைய படம் நோயாளியின் விருப்பத்தை மருத்துவர் புரிந்துகொள்ளப் பயன்படும் கருவியே தவிர, விளைவுக்கு உத்தரவாதம் ஆகாது. தோல் தடிமனாக இருப்பவர்களுக்கு உள்ளே குருத்தெலும்பை எவ்வளவு நுட்பமாகச் செதுக்கினாலும் மூக்கு நுனியில் அது முழுமையாக வெளித்தெரிவதில்லை என்பதும், தோல் மிக மெல்லியதாக இருந்தால் சிறு மேடுபள்ளம்கூடத் தெரிந்துவிடும் என்பதும் எந்த அறுவை மருத்துவரும் அறிந்தவை. என் தோலைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

'யார் செய்வார்' என்ற கேள்விக்கு, வரவேற்பறைச் சுவரில் படம் மாட்டியிருந்த மூத்த மருத்துவரின் பெயரைச் சொன்னார்கள். அவர் சில நிமிடங்கள் வந்து பேசிவிட்டும் போனார். ஆனால் வீடு திரும்பும்போது கொடுத்த குறிப்பில், அறுவை செய்தவர் என்ற இடத்தில் நான் கேள்விப்பட்டிராத வேறொரு பெயர் இருந்தது. விளக்கம் கேட்டபோது ஒப்புதல் படிவத்தைக் காட்டினார்கள். 'மேற்படி மருத்துவர் அல்லது அவரால் நியமிக்கப்படுபவர்' என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்தப் படிவத்தை அவர்கள் என்னிடம் நீட்டியதே, அறுவை அரங்குக்கான உடை மாற்றி, கையில் ஊசி பொருத்திய பிறகுதான். படிவத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். கத்தியைப் பிடிக்கப்போகிறவரின் பெயரும், மயக்க மருந்து கொடுப்பவரின் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கு ஏற்ற இடமல்ல.

என்னை மிகவும் கொதிக்க வைத்தது குணமாகும் காலம் பற்றிய பதில்தான். முன்பு கேட்டபோது, 'ஒரே வாரம், அதன் பிறகு யாருக்கும் தெரியாது' என்றார்கள். மூக்கின் மேல் போடும் கட்டினை ஏறத்தாழ ஒரு வாரத்தில் எடுப்பதும், கண்ணைச் சுற்றிய கன்றல் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறைவதும் உண்மைதான். ஆனால் உள்வீக்கம் மாதக்கணக்கில் நீடிக்கும். நுனி முழு வடிவம் பெற ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். இதை எனக்கு அவர்கள் சொல்லாமல் இல்லை; மூச்சு அடைப்பதாக நான் முறையிடப் போனபோது சொன்னார்கள். பணம் கட்டும்வரை ஒரு வாரமாக இருந்தது, கட்டிய பிறகு ஓராண்டாக நீண்டது. முன்பே சொல்லியிருக்க வேண்டிய உண்மை, பின்பு என் வாயை அடைக்கப் பயன்பட்டது.

அந்த மூச்சடைப்பு வீக்கத்தால் வந்ததல்ல. மேட்டைக் குறைக்கும்போது, மூக்கின் உட்புறத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுத்தடுப்புக்கும் பக்கக் குருத்தெலும்புகளுக்கும் உள்ள பிணைப்பு விடுபடுகிறது. தேவைப்படுபவர்களுக்கு அங்கே சிறு குருத்தெலும்புத் துண்டுகளை வைத்துத் தாங்கல் கொடுக்காவிட்டால், மூக்கின் உட்பாதையிலேயே மிகக் குறுகலான அந்த இடம் மூச்சிழுக்கும்போது உள்வாங்கிவிடும். நான் பின்னர் நாடிய வேறொரு மருத்துவர் என் கன்னத்தை விரலால் வெளிப்பக்கமாக மெல்ல இழுத்தார். உடனே காற்று தடையின்றிச் சென்றது. அவ்வளவு எளிய சோதனையை முதல் மருத்துவமனையில் எவரும் செய்யவில்லை. 'மூச்சு பாதிக்கப்படுமா' என்ற என் கேள்விக்கு அங்கு கிடைத்த பதில், 'இது வெளித்தோற்றத்துக்கான சிகிச்சைதானே' என்பது.

அவர்கள் கேட்கத் தவறியவையும் உண்டு. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை இரத்தப்போக்கைக் கூட்டும். மீன் எண்ணெய் மாத்திரைகளைக்கூட நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைக் கெடுப்பதால், அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் புகையை விடச் சொல்வது வழக்கம். முகத் தோலை இழுத்துத் தைக்கும் சிகிச்சையில் இதை மீறினால் தோலின் ஒரு பகுதியே அழுகிப்போகலாம். என்னிடம் ஒவ்வாமை பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்கள்.

முறையீடு முற்றியபோது, மூக்கில் விழுந்திருந்த பள்ளத்தை 'ஆபத்தே இல்லாத' ஃபில்லர் ஊசியால் நிரப்பித் தருவதாக அதே ஆலோசகர் முன்வந்தார். ஃபில்லர்களில் ஒருவகையான ஹயலூரோனிக் அமில ஃபில்லரை ஹயலூரோனிடேஸ் என்ற நொதியால் கரைக்க முடியும் என்பது சரி. ஆனால் ஃபில்லர் தவறி இரத்தக் குழாய்க்குள் சென்றுவிட்டால் தோல் கருகவும், அரிதாகப் பார்வையே போகவும் கூடும். அந்த ஆபத்து அதிகமுள்ள இடங்களில் மூக்கும் ஒன்று; ஏற்கெனவே அறுவை நடந்த மூக்கில் அது இன்னும் கூடுதல். நான் மறுத்தேன்.

அடுத்து இலவசத் திருத்த அறுவை என்றார்கள்; அதோடு, இனிப் புகார் எதுவும் செய்யமாட்டேன் என்று கையெழுத்திடும் தாள் ஒன்றும் வந்தது. அதையும் மறுத்து, அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, அறுவைக்கு முன் எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றின் நகலை எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் திருத்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் இந்த ஆவணங்களைக் கைப்பற்றுங்கள். இரண்டாவதாக அறுவை செய்யப்போகும் மருத்துவருக்கு, உள்ளே என்ன எடுக்கப்பட்டது, என்ன மிச்சம் இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். என் விஷயத்தில் நடுத்தடுப்பில் எடுக்கத்தக்க குருத்தெலும்பு போதாது என்றும், காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுக்க நேரலாம் என்றும், வீக்கம் முழுவதும் அடங்கும்வரை யாரிடமும் அவசரப்பட்டுத் திருத்தம் செய்துகொள்ள வேண்டாம் என்றும் இரண்டாவது மருத்துவர் கூறியிருக்கிறார். அறுவை செய்தவரின் பெயர் மாறியது குறித்த புகார், மருத்துவர்களைப் பதிவு செய்யும் மன்றத்தின் பரிசீலனையில் உள்ளது.