பெரிய பிள்ளைய தத்தெடுக்க ஊருக்குப் போறவங்களுக்கு

நியூஜெர்சில இருந்து மதுரைப் பக்கம் போயி எட்டு வயசு தாண்டின பொண்ணு ஒண்ண தத்தெடுத்து கூட்டிட்டு வந்துருக்கோம். ஆளாளுக்கு போன் போட்டு அது எப்படி இது எப்படின்னு கேக்கறாங்க, அதான் ஒரேடியா எழுதிடறேன். பொண்ணு பேரு, எந்த இல்லம், எந்த மாவட்டம்னு மட்டும் கேக்காதீங்க, அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுன்னு சிறார் நீதிச் சட்டத்துலயே இருக்கு, இல்லைன்னாலும் நான் சொல்ல மாட்டேன்.

கைக்குழந்தைதான் வேணும்னு நினைக்கறவங்க முதல்ல வயசு கணக்க பாத்துக்கோங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் வயசையும் கூட்டினா 85க்குள்ள இருந்தாதான் ரெண்டு வயசுக்கு உள்பட்ட குழந்தை, பிள்ளைக்கு 4லிருந்து 8 வயசுன்னா 100, எட்டுக்கு மேலன்னா 110. எங்க கூட்டுத்தொகை நூறைத் தாண்டிருச்சு. ஆனா உண்மைய சொல்லணும்னா அதுக்காக பெரிய பிள்ளைய எடுக்கல, எங்களுக்கே பேசிப் பழகற வயசுல ஒரு பிள்ளை வேணும்னுதான் இருந்துச்சு. ஓசிஐ (வெளிநாட்டு குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கற கார்டு) வச்சிருக்கறவங்களுக்கும் ஊர்ல இருக்கறவங்களுக்கு உள்ள அதே முன்னுரிமைதான், ஆனா நேரா போயி இல்லத்து கதவ தட்ட முடியாது, இங்க அமெரிக்கால காரா (CARA, தத்தெடுப்ப கவனிக்கற இந்திய அரசு அமைப்பு) அங்கீகாரம் குடுத்த ஏஜென்சி மூலமா ஹோம் ஸ்டடி, அதாவது நம்ம வீட்டையும் நம்மளையும் பத்தின விசாரணை முடிச்சு, தத்தெடுக்க நமக்கு தகுதி இருக்குன்னு அமெரிக்க அரசு குடுக்கற ஐ-800ஏ அப்ரூவல் வாங்கி, அவங்கதான் காரா போர்ட்டல்ல ஏத்துவாங்க. "எனக்கு தெரிஞ்ச ஆள் இருக்காரு, சீக்கிரம் முடிச்சு தர்றேன்"னு சொந்தக்காரங்க யாராச்சும் வந்தா ஒரு கும்பிடு போட்டு அனுப்பிடுங்க. எங்க பக்கத்துல அப்படி ரெண்டு மாமாக்கள் கிளம்பினாங்க.

பேப்பர் வேலை நான் பயந்த அளவுக்கு இல்ல. முன்னாடி கோர்ட்டுக்கு அலையணும், 2022 செப்டம்பர்ல இருந்து கலெக்டர்தான் ஆர்டர் போடறாரு, ரெண்டு மாசத்துக்குள்ள முடிக்கணும்னு சட்டம். கலெக்டர் ஆபீஸ்ல எங்கள தனி ரூம்ல உக்கார வச்சு பேசினாங்க, மனு குடுக்க வந்த கூட்டத்தோட நிக்க விடல. பொண்ணுகிட்ட தனியா, "உனக்கு இவங்ககூட போக சம்மதமா, யாராச்சும் சொல்லச் சொன்னாங்களா"ன்னு கேட்டிருக்காங்க. அவ வெளிய வந்து, "யோசிச்சு சொல்றேன்னு சொன்னேன், அப்புறம் உடனே சரின்னுட்டேன்"ன்னா. எங்க வீட்டுக்காரருக்கு சிரிப்பா, அழுகையான்னு தெரியல. ஜெராக்ஸுக்கும் நோட்டரிக்கும்தான் வெயில்ல அலைச்சல், அதுல ஒருத்தரு வெளிநாட்டுக்காரங்கன்னு தெரிஞ்சதும் ரேட்ட ஏத்திட்டாரு, பேசாம அடுத்த கடைக்கு போயிட்டோம்.

இல்லத்தப் பத்திதான் நிறைய சொல்லணும். காராவோட என்ஓசி (ஆட்சேபணை இல்லைன்னு குடுக்கற கடிதம்) வந்துட்டா ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே பிள்ளைய நம்மகூட வச்சுக்க அனுமதி வாங்கலாம், ஆனா அங்க இருந்த சிஸ்டர், "அவசரப்படாதீங்கம்மா, கொஞ்ச நாள் இங்க வந்து வந்து போங்க"ன்னாங்க. நாங்க முன்னாடியே எங்க வீடு, கிச்சன், அவ ரூம், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் போட்டோ எடுத்து தமிழ்ல எழுதி ஆல்பம் அனுப்பியிருந்தோம், அத ஓரம் கிழியற அளவுக்கு புரட்டி வச்சிருந்தா. முதல் நாள் எங்க மூஞ்சியப் பாக்கவே இல்ல, ஆல்பத்த விரிச்சு, "இந்த ஜன்னல் தொறக்குமா? கொசு வருமா? இந்த நாய் கடிக்குமா?"ன்னு விசாரணை. என்னை ஆன்ட்டின்னுதான் கூப்பிட்டா, நானும் மாத்தச் சொல்லல. அங்க சமையல் பாக்கற ஆயாம்மாதான் அவளுக்கு எல்லாம், சாயங்காலம் தலை பின்னி விடறது, காய்ச்சல்ல பக்கத்துல படுத்துக்கறது எல்லாம் அவங்கதான். நான் அவங்ககிட்ட உக்காந்து எந்த பக்கம் வகிடு எடுக்கணும், ரசத்துல பூண்டு தட்டி போட்டா சாப்புடுவாளா, ராத்திரி லைட்டு வேணுமான்னு எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன், ஏஜென்சி குடுத்த மெடிக்கல் ரிப்போர்ட்ட விட அந்த நோட்டுதான் இன்னிக்கும் உதவுது. கிளம்பற அன்னிக்கு எல்லா பிள்ளைங்களுக்கும் பாயசம் போட ஏற்பாடு பண்ணினோம், ஆனா பாதி பிள்ளைங்க குடிக்கல. சட்டுனு கார்ல ஏத்தி கூட்டிட்டு வராம, அழறதுக்கு நேரம் விட்டு டிக்கெட் போடுங்க.

பொண்ணோட பாஸ்போர்ட்டுக்கு எங்க கேஸ்ல தட்கல் கிடையாதுன்னுட்டாங்க, ஆனா கவுன்ட்டர்ல இருந்தவங்க பதவிசா நடந்துக்கிட்டாங்க. கலெக்டர் ஆர்டர், காராவோட கன்ஃபார்மிட்டி சர்டிபிகேட் (தத்தெடுப்பு சர்வதேச விதிப்படி நடந்துச்சுன்னு குடுக்கறது), புது பேர் போட்ட பிறப்புச் சான்றிதழ் மூணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும், இனிஷியல்ல புள்ளி மாறினாலும் திருப்பி அனுப்புவாங்க, அதனால வாங்கின அன்னிக்கே அங்கயே நின்னு படிச்சுப் பாருங்க.

அப்புறம் டெல்லி, பொண்ணோட அமெரிக்க விசா இன்டர்வியூ எங்களுக்கு அங்கதான். மெடிக்கல்ல டிபிக்கு ரத்தம் எடுக்கறாங்க, காலைல ஏதாச்சும் சாப்புட குடுத்து கூட்டிட்டு போங்க. சாணக்யபுரி பக்கம் தங்கின ஹோட்டல்ல ரிசப்ஷன்ல, "இந்த பொண்ணு உங்களுக்கு யாரு?"ன்னு அவ முன்னாடியே குறுக்கு விசாரணை. கேக்கறது நல்லதுதான், பிள்ளை கடத்தறவங்க இருக்கற ஊர்ல கேக்காம விட்டாதான் தப்பு, ஆனா பிள்ளைய ஓரமா உக்கார வச்சிட்டு கேக்கலாம்ல. ஆர்டர் காப்பிய கைப்பையிலயே வச்சிருந்ததால அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. இவ ஒரு வார்த்தை பேசல, ரூமுக்கு வந்ததும், "அந்தாளுக்கு ஹிந்திலயே பதில் சொல்லியிருக்கலாம்ல ஆன்ட்டி"ன்னா. எனக்கு எங்க ஹிந்தி வருது.

ஐஎச்-3 விசால (இந்தியாலயே தத்தெடுப்பு முழுசா முடிஞ்ச பிள்ளைக்கு குடுக்கறது) வந்தா அமெரிக்கால கால் வச்சதுமே பிள்ளை சிட்டிசன்தான், அமெரிக்காவோட 2000ம் வருஷ சட்டம். ஆனா காராவுக்கு ரெண்டு வருஷம் ரிப்போர்ட் போகணும், முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒண்ணு, அடுத்த வருஷம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு. சோஷியல் வொர்க்கர் வர்ற அன்னிக்கு வீட்ட பளபளன்னு வைக்க மெனக்கெடாதீங்க. எங்க வீட்டுக்கு வந்தவங்க கிச்சன எட்டிக்கூட பாக்கல, இவகூட தரைல உக்காந்து ஒரு மணி நேரம் பல்லாங்குழி ஆடிட்டு தோத்துட்டு போனாங்க.