ஹீட் முள்ளு அசையாம பாதியிலயே நிக்குதா? பழைய பிக்கப் எடுக்கறவங்க கொஞ்சம் பாத்துக்கோங்க

நாலு மாசம் முன்னாடி ஒரு புரோக்கர்கிட்ட 2009 மாடல் டாட்டா 207 ஒண்ணு எடுத்தேனுங்க, 1,85,000 ரூபா. ஆளு யாரு எந்த ஊருன்னு எழுதல, அது வேற பஞ்சாயத்து ஆயிரும். ஆனா பண்ணுன வேலைய சொல்லியே ஆகணும்.

வண்டி பாக்க பத்து மணிக்கு வரச்சொன்னாரு. நாங்க போறப்பவே வண்டி ஸ்டார்ட்ல உறுமிட்டு நின்னுச்சு. "டிரைவர் இப்பத்தான் ஒரு ரவுண்டு எடுத்துட்டு வந்தான் தம்பி"ன்னாரு. ஏறி உக்காந்து மீட்டர் போர்டு பாத்தேன், இஞ்சின் சூட்ட காட்டற ஹீட் முள்ளு பாதிக்கு ஒரு நூல் கீழ, ஒரு லைட்டும் எரியல, கிலோமீட்டர் 87 ஆயிரத்து சொச்சம். எஃப்சி இன்சூரன்ஸ் எல்லாம் கரண்ட்ல இருக்கு, வேறென்ன வேணும்னு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டேன்.

அப்புறம் மூணு வாரம் சத்தி, கோபி, புளியம்பட்டின்னு சமதரைலயே ஓட்டுனேன், ஒண்ணும் தெரியல. தினமும் காலைல அஞ்சு மணிக்கு கீ ஆன் பண்ணுவேன், செல்ஃப் அடிக்கறதுக்கு முன்னாடியே ஹீட் முள்ளு கிர்ருனு ஏறி அதே எடத்துல வந்து நிக்கும். நானும் பாத்துட்டு சந்தோசமா கெளம்புவேன். ராத்திரி பூரா பனில நின்ன இஞ்சின் எப்பிடிடா பாதி சூட்டுல இருக்கும்னு ஒரு நாளு யோசிச்சிருந்தா இந்த பதிவே எழுத வேண்டியதில்ல. மர மண்டை.

தாளவாடிக்கு 24 மூட்டை உரம் லோடு கெடச்சுது. பண்ணாரி செக்போஸ்ட் தாண்டி திம்பம் மலை ஏற ஆரம்பிச்சேன், மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு, பூரா செகண்ட் கியரும் பஸ்ட் கியரும்தான். பாதி மலை ஏறுனதுமே இழுவை கொறையுது, கேபினுக்குள்ள சூடு வருது, ஆனா முள்ளு அதே எடத்துல குத்தவெச்சு உக்காந்திருக்கு. முள்ளுதான் சரியா இருக்கேன்னு நம்பி இன்னும் ரெண்டு வளைவு ஏத்துனேன் பாருங்க, அதுதான் நான் பண்ணுன தப்பு. குபுகுபுன்னு ஆவி, வண்டி ஆஃப். புலி யானை நடமாடற காட்டுல ஓரமா நிறுத்தி டயருக்கு கல்லு வெச்சுட்டு உக்காந்திருந்தேன், கொரங்குங்க வேற மூட்டை மேல ஏறி தார்ப்பாய பிரிக்குது.

டோ பண்ணி கொண்டாந்து நம்ம மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டேன். டிப் ஸ்டிக்க உருவி காமிச்சாரு, ஆயில் பால் காபி கலர்ல இருக்கு. ஹெட் கேஸ்கெட் (இஞ்சினுக்கும் அதோட மேல் பாகத்துக்கும் நடுவுல இருக்கற சீல்) போயி தண்ணி உள்ள எறங்கியிருக்கு. ரேடியேட்டர்ல கூலண்டே இல்ல, வெறும் பைப்பு தண்ணிய ஊத்தி ஊத்தி துரு ஏறி பாதி டியூப் அடைச்சு கெடக்கு. "ஏங்கண்ணு, ஹீட் ஏறுனது முள்ளுல தெரியலியா?"ன்னாரு. இல்லீங்கண்ணான்னேன். நேரா ஹீட் சென்சாருக்கு போற ஒயர புடிச்சு இழுத்தாரு, அது சென்சார்லயே மாட்டல. சுத்தி இருந்த கருப்பு டேப்ப பிரிச்சா உள்ள அரிசி சைஸுல ஒரு ரெசிஸ்டர் (கரண்ட்ட ஒரே அளவா தடுக்கற குட்டி பாகம்), அதோட இன்னொரு கால பாடி போல்ட்டுல முறுக்கி விட்டிருக்காங்க.

விசயம் இதுதான். பழைய வண்டில அந்த சென்சார் சூடு ஏற ஏற கரண்ட்ட அதிகமா எர்த்துக்கு, அதாவது வண்டி பாடிக்கு விடும், அதுக்கு தகுந்த மாதிரி முள்ளு ஏறும். சென்சாருக்கு பதிலா ஒரு ரெசிஸ்டர போட்டுட்டா அளவு மாறவே மாறாது, இஞ்சின் பனிக்கட்டியா இருந்தாலும் எரிஞ்சாலும் முள்ளு ஒரே எடம்தான். ஒத்த ஒயர் சென்சாரா இருந்தா செக் பண்றது ஈஸி, கீ ஆன்ல வெச்சு ஒயர கழட்டுனா முள்ளு கீழ C-க்கு (கூல்) விழணும், அதே ஒயர ஒரு செகண்ட் எர்த்துல தொட்டா H (ஹாட்) பக்கம் ஓடணும். புது வண்டில கம்ப்யூட்டர் இருக்கும், அதுல இந்த ஒயர் செக்க பண்ணி வெக்காதீங்க. இன்னொண்ணு, சென்சார் நல்லா இருந்தாலும் தண்ணி சுத்தமா எறங்கிட்டா அது காத்துல தொங்கும், அப்பவும் முள்ளு கம்மியா காட்ட வாய்ப்பிருக்கு. ஓடறப்ப முள்ளு திடீர்னு கீழ விழுந்தா அதும் ஆபத்துதான்.

அதோட நிக்கல. மீட்டர் போர்ட கழட்டுனா ஆயில் லைட்டு பல்பு இருக்க வேண்டிய ஓட்டை காலி. கீ ஆன் பண்ணி செல்ஃப் அடிக்காம விட்டா ஆயில் லைட்டும் பேட்டரி லைட்டும் கண்டிப்பா எரியணுங்க, ஏன்னா இஞ்சின் சுத்தாதப்ப ஆயில் பிரஷரும் இல்ல, சார்ஜிங்கும் இல்ல. ஸ்டார்ட் ஆனதும் ரெண்டு மூணு செகண்ட்ல அணையணும். எரியவே இல்லன்னா பல்பு போயிருச்சு, இல்ல புடுங்கிட்டாங்க. புரோக்கர் எதுக்கு வண்டிய ஸ்டார்ட்லயே வெச்சிருந்தாருன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. கிலோமீட்டரும் அப்பிடித்தான், நம்பர் எல்லாம் ஒரே வரிசைல இல்லாம ஒண்ணு மேல ஒண்ணு கீழ நிக்குது, கிளட்ச் பெடல் ரப்பர் தேஞ்சு இரும்பு பளபளங்குது, இது 87 ஆயிரம் ஓடுன வண்டியாம். டீசல் முள்ளு மட்டுந்தான் எங்கிட்ட பொய் சொல்லல.

ஹெட்ட லேத்துல குடுத்து பேசிங் (மட்டம் பண்றது), கேஸ்கெட், ரேடியேட்டர், லேபர் எல்லாம் சேத்தி 41,000 ஆச்சு, உரக்காரருக்கு வேற வண்டி புடிச்சு அனுப்புன வாடகை தனி. புரோக்கருக்கு போன் போட்டா "ஓடற வண்டியத்தான தம்பி குடுத்தேன், நீ ஏன் மலைக்கு ஏத்துன?"ங்கறாரு. அந்த ரெசிஸ்டர போட்டோ எடுத்து அனுப்புனேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.

நேத்து அவரு ஸ்டேட்டஸ்ல இன்னொரு பிக்கப் போட்டிருக்காரு, மீட்டர் போர்டு போட்டோவோட. ஆர்பிஎம் முள்ளு ஜீரோல இருக்கு, அதாவது இஞ்சின் ஓடல, ஒரு லைட்டும் எரியல, ஹீட் முள்ளு மட்டும் பாதிக்கு ஒரு நூல் கீழ. அந்த வண்டிய பாக்க யாராச்சும் போறதா இருந்தா சொல்லாம கொள்ளாம காலைல ஆறு மணிக்கு போங்க, போனதும் மொதல்ல பேனட் மேல கைய வெச்சு பாருங்க.