பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குவோர் கவனத்திற்கு: கடைக்காரர் காட்டும் ஷட்டர் கவுண்ட் அந்தக் கேமராவினுடையதுதானா?

சென்னையில் பழைய கேமராக்களை வாங்கி விற்கும் ஒரு கடை, எட்டாயிரம் படங்கள் மட்டுமே எடுத்தது என்று சொல்லி எனக்கு விற்ற நிக்கான் டி7200, உண்மையில் 1,80,000 படங்களுக்கு மேல் எடுத்து முடித்த கேமரா. சில வாரங்களில் மேல் திரையில் பழுதுக் குறி மின்ன, ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டர் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் கேமராவைச் சோதித்தவர் ஷட்டர் கவுண்ட்டை, அதாவது ஷட்டர் இதுவரை இயங்கிய எண்ணிக்கையைச் சொன்னபோதுதான் நடந்தது முழுவதும் தெரிந்தது. குறைந்த விலையில் நல்ல கேமரா தேடுகிற மற்றவர்களுக்கும் இதே முறையில் இதே ஏமாற்று நடக்கலாம் என்பதால், அது எப்படி நடந்தது என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

டி7200 என்ற தேர்வில் குறை எதுவும் இல்லை. இன்றும் பறவைகளைப் படமெடுக்க விரும்புவோருக்கு அதையே பரிந்துரைப்பேன். 2015-இல் வந்த இந்தக் கேமராவில் 24 மெகாபிக்சல் சென்சாரும், இரண்டு மெமரி கார்டு இடங்களும், கேமராவுக்குள்ளேயே லென்ஸைக் குவியப்படுத்தும் மோட்டாரும் இருக்கின்றன. டி5600 போன்ற மலிவான மாடல்களில் அந்த மோட்டார் கிடையாது என்பதால், சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய 'ஏஎஃப்-டி' வகை லென்ஸ்களை அவற்றில் கையால்தான் குவியப்படுத்த வேண்டும். இத்தனை வசதியும் உள்ள கேமரா 18-140 லென்ஸுடன் 36,000 ரூபாய்க்கு என்றார்கள். ஷட்டர் மட்டும் உண்மையில் எட்டாயிரத்தில் இருந்திருந்தால் அது நியாயமான விலைதான்.

"டாக்டர் ஒருத்தர் வெச்சிருந்தது சார், வீட்டு விசேஷத்துக்கு மட்டும்தான் எடுத்தார்" என்றார் கடைக்காரர். பேட்டரியில் சார்ஜ் இல்லை, ஏறும் வரை இதைப் பாருங்கள் என்று சொல்லி, ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ஒரு படத்தைக் கணினியில் திறந்து, அதில் பதிவாகியிருந்த ஷட்டர் எண்ணிக்கையைக் காட்டினார். நான் கேட்டதும் அதே கோப்பை என் மின்னஞ்சலுக்கும் அனுப்பினார். நிக்கான் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படக் கோப்பிலும் ஷட்டர் எண்ணிக்கையோடு கேமராவின் வரிசை எண்ணும் பதிவாகிறது. கேமரா நின்ற பிறகு அந்தக் கோப்பை எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தேன். கோப்பில் இருந்த வரிசை எண் வேறு, என் கேமராவின் அடியில் ஒட்டியிருந்த எண் வேறு. அதாவது, அதிகம் ஓடாத வேறொரு டி7200-இல் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு, ஓடித் தேய்ந்த கேமராவை விற்றிருக்கிறார்கள்.

இந்த மாடலின் ஷட்டரை 1,50,000 முறை இயக்கிச் சோதித்ததாக நிக்கான் அறிவித்திருக்கிறது. கல்யாண வீடுகளில் படமெடுப்பவர் ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு படங்கள் எடுத்தாலே, அறுபது கல்யாணங்களில் அந்த எல்லை வந்துவிடும். என் கேமரா அப்படி உழைத்தது என்பதற்கான அடையாளங்களைச் சர்வீஸ் சென்டரில் இருந்தவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கைப்பிடி ரப்பர் புதியது. அதன் ஓரத்தில் பசை மெல்லிய கோடாக வழிந்து காய்ந்திருந்தது. அடிப்பாகத்து திருகுகளின் தலையில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய கீறல்கள் இருந்தன. டிரைபாடு மாட்டும் துளையைச் சுற்றிக் கறுப்புப் பூச்சு தேய்ந்து உலோகம் பளபளத்தது. வீட்டு விசேஷத்துக்கு மட்டும் எடுத்த கேமராவில் இப்படித் தேய்வதற்கு வாய்ப்பே இல்லை. புது ஷட்டர் மாற்றக் கேட்ட தொகை, நான் கொடுத்த விலையில் ஏறக்குறைய பாதி.

பில் விஷயத்திலும் பொய்தான் சொன்னார்கள். பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி முழு விலைக்கும் கூடும் என்று சொல்லி, கடைப் பெயர்கூட இல்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டைக் கொடுத்தார்கள். பழைய பொருட்களை வாங்கி விற்கும் வணிகர், உள்ளீட்டு வரிச் சலுகை (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்காதிருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம் என்று ஜிஎஸ்டி விதிகளே சொல்கின்றன. ஐயாயிரம் ரூபாய் லாபம் என்றால் வரி 900 ரூபாய். அந்தத் தொகைக்காக யாரும் பில்லை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பில்லில் கேமராவின் வரிசை எண்ணையும், கடைக்காரர் சொல்லும் ஷட்டர் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

உங்கள் மெமரி கார்டையே கொண்டுபோய், கண்ணெதிரில் ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பை அங்கேயே திறந்து, எண்ணிக்கையையும் வரிசை எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல்கள் அழிந்துவிடும். கேனானின் பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் இந்த எண் படக் கோப்பில் எழுதப்படுவதில்லை. கேமராவைக் கேபிளில் இணைத்து, அதற்கான மென்பொருளில்தான் பார்க்க முடியும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது, ஏனென்றால் மணிக்கணக்கில் வீடியோ எடுத்தாலும் ஷட்டர் எண்ணிக்கை பெரிதாக ஏறாது, சென்சார்தான் உழைக்கும். லென்ஸ் மூடியைப் போட்டபடியே ஷட்டரைச் சில விநாடிகள் திறந்து வைத்து ஒரு படம் எடுத்தால், பழுதான புள்ளிகள் கறுப்புத் திரையில் நிறத்தோடு தெரியும். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம் என்பதால், டார்ச் அடித்துப் பின்பக்கமிருந்தும் பார்த்துவிடுங்கள்.

கேமராவுடன் திரும்பப் போனபோது, விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்ற பலகையைக் காட்டினார்கள். பில் தராமல் விற்பதும், குறையுள்ள பொருளை, காலக்கெடு எதுவும் குறிக்கப்படாதபோது, முப்பது நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறைகள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். யுபிஐயில் பணம் செலுத்திய பதிவு, கடைக்காரர் அனுப்பிய மின்னஞ்சல், சர்வீஸ் சென்டரின் அறிக்கை ஆகிய மூன்றையும் வைத்து ஆணையத்துக்கான மனுவைத் தயார் செய்து வருகிறேன். இதே போன்ற எஸ்டிமேட் சீட்டோடு டி7200 வாங்கியவர்கள் யாரேனும் இருந்தால், கடை உங்களுக்குக் காட்டிய கோப்பின் வரிசை எண்ணை உங்கள் கேமராவின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிவியுங்கள். ஒரே கோப்பைப் பலரிடம் காட்டியிருந்தால், அது மனுவுக்கு வலுவான ஆதாரமாகும்.